அந்தமானின் எலிக்காய்ச்சலும் வளர்சிதைமாற்ற நோய்களும்: மூலக்கூறு ஆய்வு இதுவரை வந்த தூரம்

லெப்டோஸ்பைரா என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனே உடைய, திருகுபோல் சுழன்று நீந்தும் பாக்டீரியா. சாதாரண நுண்ணோக்கியில் இது தெரியாது. இருட்புல நுண்ணோக்கியில் மட்டும், கறுத்த பின்னணியில், நுனி கொக்கிபோல் வளைந்த வெள்ளி இழையாகத் துலங்கும். எலி, பெருச்சாளி, மாடு, பன்றி, நாய் முதலியவற்றின் சிறுநீரக நுண்குழல்களில் குடியிருந்து, சிறுநீர் வழியே ஈரமண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் கலக்கிறது. வெறுங்காலில் சேற்றில் இறங்குபவரின் கீறல், காயம், கண்சவ்வு வழியாக உடலுக்குள் புகுகிறது. தமிழகத்தில் எலிக்காய்ச்சல் என்று அறியப்படும் இந்நோய் உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரைத் தாக்குவதாகவும், அவர்களில் சுமார் 58,900 பேர் இறப்பதாகவும் 2015இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் இந்நோயின் பழைய இருப்பிடங்களில் ஒன்று. அதே தீவுகளில் கடந்த சில பத்தாண்டுகளாக உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், நீரிழிவு ஆகியவையும் பெருகியுள்ளன. தொற்றும் வளர்சிதைமாற்றக் கோளாறும் ஒரே உடலில் சந்திக்கும்போது நேர்வதை மூலக்கூறு அளவில் அறியும் முயற்சி, பெரும்பாலும் இந்தக் கிருமியைச் சுற்றியே இங்கு வளர்ந்திருக்கிறது.

வரலாறு சிறைக் குடியேற்றத்தில் தொடங்குகிறது. போர்ட் பிளேரில் காணப்பட்ட மஞ்சள்காமாலை பற்றி 1903இலேயே 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் சௌத்ரி என்ற மருத்துவர் எழுதினார். அதை விளைவிக்கும் கிருமியை அப்போது உலகில் யாரும் வளர்த்திருக்கவில்லை. ஜெர்மனியில் அடால்ஃப் வைல் 1886இல் நோயை விவரித்திருந்தார். ஜப்பானில் இனாடாவும் இடோவும் 1915இல்தான் கிருமியைப் பிரித்தெடுத்தனர். அந்தமானில் அதை உறுதிசெய்தவர்கள் டெய்லரும் கோயலும். 1931இல் வெளியான அவர்களது நீண்ட அறிக்கை இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் முழு ஆய்வு என்று சொல்லத் தக்கது. அக்காலத்தில் அந்தமானில் பிரிக்கப்பட்ட சிஎச்-11 என்ற கிளைவகை 'அந்தமானா' என்ற பெயரில் இன்றும் உலக ஆய்வகங்களின் பரிசோதனைப் பட்டியல்களில் இடம்பெறுகிறது. தீவின் பெயரைத் தாங்கிய அந்தக் கிளைவகை, நோய் விளைவிக்காத இனத்தைச் சேர்ந்தது என்று பின்னாளில் வகைப்படுத்தப்பட்டது தனிக் கதை.

அதன்பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் தீவுகளின் மருத்துவ ஏடுகளில் லெப்டோஸ்பைரா மறக்கப்பட்டது. கிருமி எங்கும் போய்விடவில்லை. தேடும் ஆள்தான் இல்லை. 1980களின் பிற்பகுதியில் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு கடும் காய்ச்சல் தலைகாட்டியது. உடல்வலி, கண்சிவப்பு, பிறகு இருமலோடு இரத்தம். சிலர் மூச்சுத்திணறி ஓரிரு நாளில் இறந்தனர். காரணம் புலப்படாததால் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயரிடப்பட்டு, ஏதோ புதிய வைரஸ் என்று ஐயுறப்பட்டது. காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும்தான் எலிக்காய்ச்சலின் அடையாளம் என்ற பாடநூல் பாடமே மருத்துவர்களைத் திசைதிருப்பியது. இங்கே நோயாளிகளின் கண்ணில் மஞ்சள் இல்லை. நுரையீரலில் இரத்தம் இருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நிறுவிய மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் இப்புதிரை அவிழ்த்தது. எஸ். சி. சேகல், எம். வி. முர்ஹேகர், ஏ. பி. சுகுணன் ஆகியோர் 1993ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை ஆராய்ந்து, நோயாளிகளின் இரத்தத்தில் லெப்டோஸ்பைராவுக்கு எதிரான எதிர்பொருள்கள் ஏறிவருவதைக் காட்டினர். கட்டுரை 1995இல் வெளிவந்தது. அதே 1995இல் நிகரகுவாவிலும் இதே போன்று காமாலையற்ற, நுரையீரல் இரத்தக்கசிவுடன் கூடிய காய்ச்சல் பரவி, முதலில் டெங்கு என்று கருதப்பட்டு, முடிவில் லெப்டோஸ்பைரா என்று தெரியவந்தது. நுரையீரல் வடிவம் இந்நோயின் முக்கிய முகங்களில் ஒன்று என்று உலக மருத்துவம் ஏற்றுக்கொண்டதில் திக்லிப்பூருக்கும் பங்குண்டு. போர்ட் பிளேர் மையம் பின்னர் தேசிய லெப்டோஸ்பைரா மேற்கோள் மையமாகவும், உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் ஆனது.

மையத்தின் கள ஆய்வுகள் நோயின் பரப்பை வரைந்தன. ஆபத்து மிகுந்த தொழில்களில் இருப்போரிடம் நடத்திய எதிர்பொருள் சோதனையில் பாதிக்கு மேற்பட்டோர் எப்போதோ தொற்றுக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. விவசாயத் தொழிலாளர்கள் பட்டியலின் உச்சியில் இருந்தனர். பழங்குடியினரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில் பெரிய நிக்கோபாரின் ஷோம்பென் மக்களிடமே தொற்றின் தடம் மிகுதியாகக் காணப்பட்டது. தடுப்பு மருந்துச் சோதனை ஒன்றும் நடந்தது. வடக்கு அந்தமானில் 782 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினும் மறு குழுவுக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. தொற்று ஏற்பட்டோர் விகிதம் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நோயாக வெளிப்பட்டோர் போலி மாத்திரைக் குழுவில் 6.82 சதவீதம், மருந்துக் குழுவில் 3.11 சதவீதம். மருந்து கிருமியின் நுழைவைத் தடுக்கவில்லை, அதன் கையை மட்டும் கட்டியது. 2000இல் வெளியான இந்த முடிவு இன்றும் உலக மதிப்பாய்வுகளில் தவறாமல் எடுத்துப் பேசப்படுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நுண்ணோக்கியும் எதிர்பொருள் சோதனையும் சார்ந்த வேலை. அதன் குறை வெளிப்படையானது. எதிர்பொருள் தோன்றக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். நுரையீரல் வடிவத்தில் நோயாளிக்கு அந்த வாரம் கிடைப்பதில்லை. கிருமியை வளர்க்கலாம் என்றால் அதற்கு வாரக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு. ஆகவே கிருமியின் மரபணுத் துணுக்கையே இரத்தத்தில் தேடும் பிசிஆர் முறை இங்கு ஆடம்பரம் அல்ல, தேவை. போர்ட் பிளேர் ஆய்வாளர்கள் இம்முறையை நோயறியவும், கொள்ளைநோய்களின்போது பிரிக்கப்பட்ட கிளைவகைகளின் உறவை ஒப்பிடவும் பயன்படுத்தினர். எதிர்பொருள் வகைப்பாட்டில் 300க்கு மேற்பட்ட பிரிவுகள் உண்டு. மரபணு வகைப்பாட்டில் 60க்கு மேற்பட்ட இனங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. ஒரே எதிர்பொருள் வகை இரு வேறு இனங்களில் இருக்கலாம். எந்த விலங்கிலிருந்து எந்த ஊருக்கு நோய் வந்தது என்று துப்புத் துலக்க, டிஎன்ஏ கைரேகை முறைகள்தான் கைகொடுத்தன.

கிருமியின் முழு மரபணுத்தொகுதி 2003இல் சீன ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஒரு குரோமோசோம், லெப்டோஸ்பைராவுக்கு இரண்டு. ஒன்று சுமார் 43 லட்சம் எழுத்துகளும் மற்றொன்று 3.5 லட்சம் எழுத்துகளும் கொண்டவை. 2004இல் பிரேசில் ஆய்வாளர்கள் இன்னொரு கிளைவகையை வாசித்தனர். 2006இல் மாடுகளில் வாழும் போர்க்பீட்டர்செனி இனம் வாசிக்கப்பட்டபோது, அதன் மரபணுத்தொகுதி சுருங்கிக்கொண்டிருப்பதும், நீரில் பிழைத்திருக்கத் தேவையான மரபணுக்களை அது இழந்துவருவதும் தெரிந்தன. அது ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு நேரடித் தொடர்பால் பரவுவது. வெளியே காத்திருக்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. மழைநீரில் வாரக்கணக்கில் காத்திருக்கும் இண்டரோகன்ஸ் இனமோ மரபணுக்களைக் கைவிடவில்லை.

நோய் விளைவிக்கும் மரபணு எது என்ற கேள்வி எளிதில் மசியவில்லை. கிருமியின் வெளிச்சவ்வில் மிகுதியாக உள்ள லிப்எல்32 என்ற புரதம் நோய்க்கிருமிகளில் மட்டுமே உண்டு. ஆகவே அதுவே முதன்மை ஆயுதம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2009இல் அந்த மரபணுவை முறித்துப் பார்த்தார்கள். கிருமியின் வீரியம் குறையவில்லை. நோயறியும் சோதனைகளுக்கு இன்றும் அம்மரபணுவே அடையாளம் என்பது வேறு. வீரியத்துக்கு இன்றியமையாதது என்று மரபணு முறிப்பால் முதலில் நிறுவப்பட்டது லோவா22 என்ற வேறொரு புரதம், 2007இல். லிக் என்ற புரதக் குடும்பத்தின் நடத்தை இன்னும் சுவையானது. நன்னீரிலிருந்து இரத்தத்துக்குள் நுழைந்ததும் கிருமி உணரும் முதல் மாற்றம் உப்பு. அந்த உப்பின் அடர்த்தியே லிக் புரத உற்பத்தியைத் தூண்டி, திசுக்களில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது.

மனித உடல் இக்கிருமியைக் கண்டுகொள்ளும் விதத்திலும் ஒரு மூலக்கூறுப் பிழை உண்டு. பல பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வுக் கொழுப்புச் சர்க்கரையை நம் செல்களிலுள்ள டிஎல்ஆர்4 என்ற உணர்வி பிடித்து எச்சரிக்கை எழுப்பும். லெப்டோஸ்பைராவின் கொழுப்புச் சர்க்கரையை மனித டிஎல்ஆர்4 அடையாளம் காண்பதில்லை என்று 2001இல் தெரியவந்தது. டிஎல்ஆர்2தான் அதை உணர்கிறது. சுண்டெலியின் டிஎல்ஆர்4 அதைக் கண்டுகொள்கிறது. எலிகள் நோயின்றிக் கிருமியைச் சுமக்க, மனிதர் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வளர்சிதைமாற்றத்தோடு இக்கிருமிக்கு உள்ள உறவு அதன் உணவிலேயே தொடங்குகிறது. லெப்டோஸ்பைரா குளுக்கோஸை எரிபொருளாகக் கொள்வதில்லை. நீண்ட தொடர் கொழுப்பு அமிலங்களைச் சிதைத்தே வாழ்கிறது. ஆய்வகத்தில் அதை வளர்க்கும் ஊடகத்தில் சர்க்கரைக்குப் பதில் ட்வீன்-80 என்ற கொழுப்பு அமிலக் கலவையும், அதன் நச்சைத் தணிக்க அல்புமினும், பி1, பி12 வைட்டமின்களும் சேர்க்கப்படுகின்றன. டிஎன்ஏ எழுத்துகளில் ஒரு வகையான பிரிமிடின்களை அது வெளியிலிருந்து ஏற்பதில்லை. அதனால்தான் புற்றுநோய் மருந்தான 5-ஃப்ளூரோயுராசிலை ஊடகத்தில் கலந்து மற்றக் கிருமிகளை மட்டும் ஒழிக்க முடிகிறது. இரத்தச் சர்க்கரை கூடினால் கிருமிக்கு விருந்து என்ற பொதுவான எண்ணம் இங்கே நேரடியாகப் பொருந்தாது. நீரிழிவுக்காரருக்கு ஆபத்து வருமானால் அது கிருமியின் தட்டு வழியாக அல்ல, காவல் செல்களின் தளர்ச்சி வழியாகவும் ஏற்கெனவே நொந்த சிறுநீரகம் வழியாகவும் வரும்.

சிறுநீரகத்தில் கதை இறுகுகிறது. பொதுவாகச் சிறுநீரகம் செயலிழந்தால் சிறுநீர் குறைந்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். எலிக்காய்ச்சலில் பலருக்குச் சிறுநீர் நிற்பதில்லை, பொட்டாசியமோ இறங்குகிறது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பரிமாறும் செல்சவ்வுப் பம்பை கிருமியின் கிளைக்கோலிப்போபுரதப் பகுதி தடுக்கிறது என்பது 1990களில் கண்டறியப்பட்டது. தடுப்பவை அதிலுள்ள ஓலிக், பால்மிடிக் முதலான கொழுப்பு அமிலங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துசேதுபதி முதலானோர் 1990களில் எலிக்காய்ச்சலால் வரும் சிறுநீரகச் செயலிழப்பை விரிவாகப் பதிவுசெய்தனர். தைவானில் சீ-வெய் யாங் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே செல்கிறது. எதிர்பொருள் உள்ளவர்களின் சிறுநீரக வடிகட்டும் திறன் மற்றவர்களைவிடக் குறைவு என்று அது காட்டியது. காய்ச்சல் போன பின்னும் நுண்குழல்களில் தங்கிய கிருமியின் புரதங்கள் டிஎல்ஆர்2 வழியே மெல்லிய அழற்சியை நீட்டிக்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பழுதாக்குவது இதே உறுப்பை. ஒரே சிறுநீரகத்தை மூன்று பக்கமிருந்தும் அரிக்கும் நிலை அந்தமானின் வயல்காட்டு மனிதருக்கு உண்டு.

தீவுகளின் மற்ற பாக்டீரியா நோய்களையும் மையம் மூலக்கூறு அளவில் தொடர்ந்து பார்த்துவருகிறது. 2002இல் நான்கவுரித் தீவுக்கூட்டத்தின் நிக்கோபாரிகளிடையே காலரா பரவியது. சீதபேதி விளைவிக்கும் ஷிகெல்லாவில் மருந்தெதிர்ப்பு படிப்படியாக ஏறியது. நாலிடிக்சிக் அமிலம் தோற்றது, பிறகு ஃப்ளூரோகுவினலோன்கள், பிறகு சில கிளைவகைகளில் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும். காசநோயில் கார் நிக்கோபார் ஒரு கசப்பான பாடம். 1986இல் அங்கே தீவிரக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 15 ஆண்டு கழித்து மறு ஆய்வு செய்தபோது நிலை மேம்படவில்லை, மோசமாகியிருந்தது.

லெப்டோஸ்பைரா வெளியே பிழைத்திருக்கும் வழியிலும் போர்ட் பிளேர் ஆய்வகம் ஒரு நல்ல கண்டுபிடிப்பைத் தந்தது. கிருமி நீரில் தனியே அலைவதில்லை. மற்றப் பாக்டீரியாக்களோடு சேர்ந்து பசைப்படலம் அமைக்கிறது. 2015இல் வினோத் குமார், விஜயாச்சாரி முதலானோர் வெளியிட்ட கட்டுரையில் அப்படித் துணை நிற்பதாகக் காட்டப்பட்டது அசோஸ்பைரில்லம். தமிழக உழவர்கள் நெல் நாற்றின் வேரை நனைத்து நடும் உயிர் உரத்தில் இருக்கும் அதே பேரினம். படலத்துக்குள் இருக்கும் கிருமி மருந்துகளையும் கூடுதலாகத் தாங்குகிறது. இதைப் படித்துவிட்டு உயிர் உரத்தின் மேல் பழிபோட வேண்டியதில்லை. வயல் மண் வெறும் வழித்தடம் அல்ல, கிருமி குடியிருக்கும் இடமே என்பதற்கு இது சான்று. எலியை மட்டும் ஒழித்தால் போதும் என்ற எண்ணத்தை இது அசைக்கிறது.

வளர்சிதைமாற்றப் பக்கம் திரும்பினால் கணக்கெடுப்பு இருக்கிறது, மூலக்கூறு ஆய்வு குறைவு. கார் நிக்கோபாரில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் வயதுவந்த நிக்கோபாரிகளில் சுமார் பாதிப்பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. தென்னை, தாழைப்பழம், கிழங்கு, மீன், பன்றி என்றிருந்த உணவில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண அரிசியும் பொட்டல உணவும் பெருமளவில் புகுந்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தீவுகளின் ஆண்களில் 100க்குச் சுமார் 45 பேர் உடல் எடை மிகுந்தவர்கள். நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. இந்தியாவின் மிகப் பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு, சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய இண்டியாப். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்று 2023இல் அது அறிவித்தது. அது சென்ற யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் சண்டிகரும் உண்டு, அந்தமான் இல்லை.

தொற்றும் நீரிழிவும் கைகோக்கும் இடங்களில் தெளிவான சான்று வேறு இரு நோய்களில் கிடைக்கிறது. ஒன்று காசநோய். நீரிழிவு காசநோய் அபாயத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது. தமிழகத்தில் காசநோயாளிகளிடம் எடுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் 25.3 சதவீதத்தினருக்கு நீரிழிவும் 24.5 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபாஷ் பாபு குழு நடத்திய ஆய்வுகள் வழக்கமான ஊகத்தைத் தலைகீழாக்கின. இரு நோயும் உள்ளவரிடம் அழற்சி மூலக்கூறுகள் குறைவாக இல்லை, மிகுதியாக இருந்தன. அதாவது படை சிறுத்துவிடவில்லை, கட்டுப்பாடின்றிச் சுடுகிறது.

மற்றொன்று மெலியாய்டோசிஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கண்டறியப்பட்டுவரும் இந்நோயின் கிருமியும் சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. நீரிழிவுக்காரருக்கு இதன் அபாயம் சுமார் 12 மடங்கு. கிளைபுரைடு என்ற நீரிழிவு மாத்திரையை ஏற்கெனவே உட்கொண்டிருந்த நோயாளிகளில் இறப்பு குறைவு என்றும், அம்மாத்திரையின் அழற்சி தணிக்கும் குணமே அதற்குக் காரணமாகலாம் என்றும் 2011இல் வெளியான தாய்லாந்து ஆய்வு கூறியது. ஆண்டில் பல மாதம் மழை, நெல்வயல், வெறுங்கால், பெருகும் நீரிழிவு என்று மெலியாய்டோசிஸுக்கு வேண்டிய சூழல் அந்தமானில் அமைந்திருக்கிறது. காரணம் தெரியாத காய்ச்சல்களில் அதையும் தேட வேண்டும். 'இரத்தக்கசிவுக் காய்ச்சல்' பட்ட பாடு இன்னொரு முறை வரக் கூடாது.

எலிக்காய்ச்சலைப் பொறுத்தவரை நீரிழிவு நோயைக் கடுமையாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. காரணம் அறிவியலின் கடினம் என்பதைவிடப் பதிவின் குறை. காய்ச்சலோடு வருபவரின் இரத்தம் கிருமிக்காகச் சோதிக்கப்படுகிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்கப்படுவதில்லை. நீரிழிவு முகாமில் சர்க்கரை பார்க்கப்படுகிறது, எதிர்பொருள் பார்க்கப்படுவதில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, குணமானவரிடம் ஓராண்டு கழித்து என்னவாயிற்று என்று கேட்பாரில்லை. 2011 கணக்கின்படி 3,80,581 பேரே வாழும், கிருமியை ஏறத்தாழ 100 ஆண்டாக அறிந்த, மேற்கோள் ஆய்வகத்தைத் தன்னிடமே வைத்திருக்கும் இத்தீவுகளைவிட இக்கேள்விக்குப் பொருத்தமான களம் இந்தியாவில் வேறில்லை. திக்லிப்பூரிலும் கார் நிக்கோபாரிலும் காய்ச்சலுக்காக எடுக்கும் அதே இரத்தத்தில் பிசிஆர், சர்க்கரை, கிரியாட்டினின் மூன்றையும் பார்த்து, அந்த நோயாளிகளை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் அழைத்துச் சோதிக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.